காதுக்குள் ஓடிய இன்ஜின்: நாலு ஸ்டார்தான், ஐந்து இல்லை

கடலூர் முதுநகரில் 31 வருஷமாகப் படகு டீசல் இன்ஜின் பார்க்கிறேன். டாப்பெட் தட்டுகிற சத்தத்தை வைத்தே எந்த வால்வு என்று சொல்லிவிடுவேன். அந்தக் காதில், வலது பக்கம், இரண்டு வருஷத்துக்கு முன் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம் வந்து உட்கார்ந்தது. பட்டறையில் இருக்கும்வரை தெரியாது. ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றால் போதும், தலைக்குள் கிரைண்டிங் மெஷின் ஓடும்.

முதலில் ஒரு கடையில் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, "போட்டுக்கிட்டா சரியாயிடும்" என்று ஒரு காது மெஷினைக் கொடுத்து அனுப்பினார்கள். அது பீரோவில் தூங்குகிறது. அப்புறம் பார்த்த காது மூக்கு தொண்டை டாக்டர், ஒரே பக்கம் சத்தம் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, புதுச்சேரி நெல்லித்தோப்பில் இருக்கும் இந்த கிளினிக்குக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

முதல் நாள் ஒன்றரை மணி நேரம். காது கேட்கிறதைச் சோதித்து வரைந்த படத்தில், இரண்டு காதிலும் 4,000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சுச் சத்த இடத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது, வலதில் கூடுதல். இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு இப்படித்தான் இறங்குமாம். பிறகு ஹெட்போனில் ஒவ்வொரு சத்தமாகப் போட்டு, "உங்க சத்தம் இது மாதிரியாப்பா?" என்று காது கேட்கிறதைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் பெண் கேட்டுக்கொண்டே வந்தார். 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் "இதான்மா, இதேதான்!" என்று கத்திவிட்டேன். வீட்டுக்காரிக்குக்கூடக் காட்ட முடியாத சத்தத்தை வேறொருவரும் கேட்டுவிட்டார் என்றதும் கண் கலங்கிவிட்டது. அளந்து பார்த்தால், என் காதுக்குக் கேட்க ஆரம்பிக்கிற அளவுக்கு மேல் வெறும் 7 டெசிபல். இத்தனூண்டுக்கா இவ்வளவு தூக்கம் போச்சு?

அதற்கும் கவுன்சிலிங்கில் பதில் இருந்தது. உள்காதில் செத்துப்போன செல்லிலிருந்து சிக்னல் வராதபோது மூளை வால்யூமைக் கூட்டுகிறது. ஸ்டேஷன் எடுக்காத ரேடியோவைக் கூட்டினால் இரைச்சல்தானே வரும்? அதை ஆபத்து என்று மூளை எண்ணுவதால்தான் அதையே கவனிக்கிறது. சத்தத்தை ஒழிப்பது நோக்கமில்லை, மூளை அதைச் சட்டை செய்யாமல் விடப் பழக்குவதுதான் வேலை என்றார் கவுன்சிலர். 25 கேள்வி கேட்டு, 100-க்கு 62 போட்டார்கள். மதிப்பெண் கூடினால் தொல்லையும் கூடுதல் என்று அர்த்தம்.

இனி குறை. கேட்கும் மெஷினும் மெல்லிய இரைச்சல் கொடுக்கும் ஜெனரேட்டரும் ஒன்றாக இருக்கிற ஜோடி, 46,000 ரூபாய். கவுன்சிலர், "மெஷின் சத்தம் உங்க சத்தத்தை மூடக்கூடாது, கீழேயே இருக்கணும், ரெண்டும் சேர்ந்து கேட்கணும்" என்றார். மூடிவிட்டால் மூளை எதைப் பழகும்? ஆனால் அடுத்த வாரம் மெஷினை செட் பண்ணியவர், "மொத்தமா அமுக்கிடலாம்ணே" என்று ஏற்றிவிட்டார். போட்டிருக்கும்வரை சொர்க்கம், கழற்றினால் பழையபடி ஓலம். மூன்று வாரம் இப்படியே போனது. ஒருவர் எழுதுவதை இன்னொருவர் படிக்கிறதே இல்லை என்று சண்டை போட்ட பிறகுதான் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து எனக்கு முன்னாலேயே சரிசெய்தார்கள். அதற்குத்தான் ஒரு ஸ்டார் குறைத்திருக்கிறேன். இப்போது ஒரே ஃபைலில் இருவரும் எழுதுகிறார்கள், அதையும் சொல்லவேண்டும்.

போன் ஆப்பில் கடலலை சத்தமும் உண்டு. அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். இருபது நொடிக்கு ஒரு தடவை அதே அலை, சேர்த்து ஒட்டின இடம்கூட என் காதுக்குத் தெரிகிறது. எங்கள் கடல் அப்படி ஒரே மாதிரி அடிக்காது. ராத்திரிக்கு மழைச் சத்தத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

அந்த ஆடியாலஜிஸ்ட் பெண்ணிடம் பிடித்தது, மறைக்காமல் பேசுவது. அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிகளில் 151 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தி 2019-ல் முடிவு வெளியிட்டார்களாம். நிஜ ஜெனரேட்டரோடு கவுன்சிலிங், போலி ஜெனரேட்டரோடு கவுன்சிலிங், வழக்கமான சிகிச்சை. மூன்றிலும் தொல்லை குறைந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. "அப்போ எனக்கு எதுக்கும்மா 46,000?" என்றேன். "அவங்களுக்குக் காது ஓரளவு நல்லா கேட்டுச்சுப்பா. உங்களுக்குக் கேட்கிறதே குறைஞ்சிருக்கு, மெஷின் அதுக்கு" என்றார். மாத்திரை கேட்டதற்கு, இதைத் தீர்க்கிற மாத்திரை கிடையாது, ஜிங்கோ மூலிகை மாத்திரையில் காசைக் கரைக்காதீங்க என்றும் சொன்னார்.

ஏழு மாதம் ஆகிறது. 62 இப்போது 28. சத்தம் இருக்கிறது, ஆனால் தேடினால்தான் கிடைக்கிறது. போன வாரம் ஒரு படகில் மூன்றாவது சிலிண்டர் கோளாறைக் காதாலேயே பிடித்தேன்.

போகிறவர்களுக்கு: மாடி ஏறவேண்டும், லிஃப்ட் இல்லை. கடற்கரை ஈரத்துக்கு மெஷினை ராத்திரி சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். கவுன்சிலரும் மெஷின்காரரும் சேர்ந்து இருப்பது செவ்வாயும் சனியும் மட்டும்தான். மற்ற நாளில் முள்ளோடை தாண்டி பஸ் ஏறி வந்து வீணாகாதீர்கள்.