பி.எஃப். வேலைக்கு நம்பிப் போகலாம், திவால் மனுவுக்கு பக்கத்திலேயே உட்காருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் பிரவுசிங் சென்டர் இது. ஏர்லைன்ஸ் மூடி வேலை போன வடசென்னை கிரவுண்ட் ஸ்டாஃப் பலரும் பி.எஃப்., சம்பள பாக்கி விஷயமாக இங்கேதான் வருகிறார்கள்.

பி.எஃப். வேலை சுத்தம். பி.எஃப். பணம் கம்பெனியின் கடனில் சேராது, அதனால் கம்பெனியின் திவால் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிக்கல் வேறு: வேலையை விட்ட தேதியை ஏற்ற எச்.ஆர். இருக்காது, அது ஏறாமல் பி.எஃப். பணத்தை முழுதாகக் கேட்கும் ஃபார்ம் 19 போகாது. கடைசிச் சந்தா கட்டி 2 மாதம் ஆனதும் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். தளத்தில் 'மார்க் எக்ஸிட்' வழியாக நாமே போடலாம். அந்தத் தேதி கடைசிச் சந்தா மாதத்துக்குள் இருக்க வேண்டும். தவறாகப் போட்டால் திருத்துவது பெரும்பாடு. இங்கே பாஸ்புக்கைத் திறந்து அந்த மாதத்தை நம்மிடம் காட்டிய பிறகே தேதியைத் தொடுகிறார்கள். ஓ.டி.பி. வரும், ஆதாரோடு இணைத்த சிம் கையில் இருக்கட்டும்.

திவால் மனுவில்தான் கோட்டை விடுகிறார்கள். கம்ப்யூட்டரில் சம்பள பாக்கி கேட்கும் ஃபார்ம் டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே அடிக்கிறார்கள். திவால் வழக்கு நடக்கும்போதுதான் அது. கம்பெனியை மூடி சொத்தை விற்கும் கலைப்புக்கு உத்தரவானால் ஃபார்ம் இ. ஜெட் ஏர்வேஸுக்கு 2024 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் கலைப்பு உத்தரவு போட்டது. பாக்கியையும் இன்றைய தேதி வரை கூட்டக் கூடாது. ஃபார்ம் டி-க்கு வழக்கு ஏற்கப்பட்ட நாள்தான் எல்லை: ஜெட்டுக்கு 2019 ஜூன் 20, கோ ஃபர்ஸ்டுக்கு 2023 மே 10. அதற்குப் பிறகு வேலை பார்த்த சம்பளம் தனிக் கணக்கு.

எல்லோரையும் 'எம்ப்ளாயி' என்று அடிப்பது இன்னும் பெரிய தப்பு. லோடர், டெக்னீஷியன் பெரும்பாலும் 'வொர்க்மேன்', அதாவது தொழிலாளி. கலைப்பில் வொர்க்மேனுக்கு 24 மாத பாக்கி, அடமானக் கடன் கொடுத்த வங்கிகளுக்குச் சமமான வரிசையில் நிற்கும். மற்றவர்களுக்கு 12 மாதம்தான், அதுவும் அடுத்த வரிசை. ஒரு சொல்லில் வயிற்றில் அடிக்கிற விஷயம் இது. பிரிண்ட் எடுக்குமுன் படித்துப் பாருங்கள்.

கிராஜுவிட்டியை மொத்தச் சம்பளத்தில் போடுகிறார்கள். 2025 நவம்பர் 21-க்கு முன் வேலை முடிந்தவர்களுக்கு 1972 சட்டப்படி அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி மட்டும்: அது 26,000 ரூபாய், சர்வீஸ் 6 வருடம் என்றால், 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, 6 வருடத்துக்கு 90,000 ரூபாய்.

சம்பள ஸ்லிப்பை ஆபீஸ் மெயில் மூடுமுன் இறக்கிவிடுங்கள். பாஸ்வேர்டு தெரியாத பி.டி.எஃப். கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏர் இந்தியாவோடு இணைந்த விஸ்தாரா போல, இணைப்பில் மாறியவர்கள் புது ஆர்டரில் பழைய சேர்ந்த தேதி இருக்கிறதா என்று எச்.ஆரிடமே கேட்டு வாங்க வேண்டும். இந்தக் கடையில் அதற்கு வழியில்லை.