சுண்ணாம்பு மண்ணில் கொய்யா, எலுமிச்சைக்கு இரும்புச்சத்து: எது நின்றது, எது நிற்கவில்லை

பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்தில் எங்கே தோண்டினாலும் சுக்கான்கல்தான். ஒரு பிடி மண்ணில் வினிகர் விட்டால் நுரைத்துப் பொங்கும், பிஹெச் (கார அமில அளவு) 8-க்கு மேல். இந்த மண்ணில் கொய்யாவும் எலுமிச்சையும் கொழுந்து வெளுத்து நிற்கும். சில வருடங்களாக மாற்றி மாற்றி வைத்தியம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இரும்புக் குறைதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். புது இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து நடுவெல்லாம் மஞ்சளித்தால் இரும்பு. பழைய இலையில் இருக்கும் இரும்பு கொழுந்துக்கு நகர்ந்து வராது, அதனால்தான் கொழுந்து முதலில் அடி வாங்குகிறது. அடி இலை முதலில் மஞ்சளித்தால் அது தழைச்சத்தோ மெக்னீசியமோ, இரும்பு கொடுத்துப் பயனில்லை.

அன்னபேதி (இரும்பு சல்பேட்) எல்லாருக்கும் தெரிந்தது, விலையும் மலிவு. ஆனால் சுண்ணாம்பு மண்ணில் அப்படியே தூவினால் சீக்கிரமே துருவாகிவிடும், வேருக்குக் கிடைக்காது. இலைவழியாகக் கொடுத்தால் வேலை செய்கிறது: லிட்டருக்கு 5 கிராம், கூடவே 1 கிராம் சிட்ரிக் அமிலம், வெயில் தாழ்ந்த பிறகு. (வாங்கும்போது வெளிர் பச்சைப் படிகமாக இருக்கவேண்டும், பழுப்பேறியதை வாங்காதீர்கள்.) கொஞ்ச நாள் கழித்து கொய்யா இலையைக் கையில் பிடித்துப் பார்த்தால், சொட்டு நின்ற இடமெல்லாம் பச்சைப் புள்ளியாகவும் சொட்டு படாத இடம் மஞ்சளாகவும் இருக்கும். இதில்தான் அதன் பலமும் பலவீனமும் இருக்கிறது, பட்ட இடம் மட்டும் தேறும், அடுத்த துளிர் மறுபடியும் வெளுத்துத்தான் வரும்.

நிலையான தீர்வு எங்களுக்கு இடிடிஹெச்ஏ இரும்பில்தான் கிடைத்தது. இது செலேட் வகை, அதாவது இரும்பு துருவாகிவிடாமல் இன்னொரு பொருள் அதைப் பிடித்து வைத்திருக்கும். கடையில் வெறுமனே "இரும்பு செலேட்" என்று கேட்டால் பெரும்பாலும் ஈடிடிஏ என்ற வேறொரு செலேட்டை எடுத்துக் கொடுப்பார்கள், அதில் இரும்பு 12 சதவீதம், இடிடிஹெச்ஏ-வில் 6 சதவீதம்தான், பார்த்தால் அதுவே லாபம் போலத் தெரியும். ஆனால் நம் மண்ணில் ஈடிடிஏ இரும்பை விட்டுவிட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இடிடிஹெச்ஏ பிஹெச் 9 வரை இரும்பை விடாது. விலை பல மடங்கு அதிகம், இருந்தாலும் சுண்ணாம்பு மண்காரர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். சின்ன மரத்துக்கு 15 முதல் 20 கிராம், ஒரு குடம் தண்ணீரில் கரைத்தால் பீட்ரூட் சாறு போலச் சிவக்கும். ஈர மண்ணில் கிளை விரிந்திருக்கும் வட்டத்துக்குள் ஊற்றி, உடனே மூடாக்குப் போடுங்கள், வெயில் பட்டால் சிதைந்துவிடும். அடுத்து வந்த துளிர் முழு இலையும் ஒரே பச்சையாக வந்தது.

அப்புறம் தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், தினமும் பாய்ச்சி மண் சொதசொதவென்று இருந்தால் எந்த இரும்பும் எடுபடாது. மண் கொஞ்சம் காய்ந்த பிறகு பாய்ச்ச ஆரம்பித்ததும் எலுமிச்சையில் நல்ல மாற்றம் தெரிந்தது. மணிச்சத்து தரும் டிஏபி உரத்தையும் குறைத்துவிட்டோம், மணிச்சத்து மிஞ்சினால் அதுவும் இரும்பைக் கட்டிப்போடும்.

இதே மண்ணில், இதே தண்ணீரில் சப்போட்டா மட்டும் எதுவும் கேட்காமல் கரும்பச்சையாக நிற்கிறது. புதிதாகக் குழி எடுப்பவர்கள் அதையும் யோசித்துப் பாருங்கள்.