3-3-5ஆ, 4-2-5ஆ? டிசியு டிஃபென்ஸும் எங்க பொடிப்பசங்க டீமும்

மொதல்லயே சொல்லிடறேன், அமெரிக்கன் ஃபுட்பால்ல டிஃபென்ஸ் ஆளுங்களை நிறுத்தற இந்த ரெண்டு ஸ்கீம்ல நான் 4-2-5 கட்சி. நடுநிலையா எழுதறேன்னு பாவ்லா காட்டப் போறதில்ல. 2024ல பாதி சீசன்ல எங்க பசங்க டீமோட டிஃபென்ஸை 3-3-5ல இருந்து 4-2-5க்கு மாத்தினது நான்தான், அதுக்கு முன்னாடி மண்டையப் பிச்சிக்கிட்டு உக்காந்திருந்ததும் நான்தான். அப்புறம் 2025 ஆகஸ்ட் வந்துச்சு. டிசியு (ஃபோர்ட் வொர்த்ல இருக்கற டெக்சாஸ் கிறிஸ்டியன் யுனிவர்சிட்டி) டீம் செப்டம்பர் 1ம் தேதி நார்த் கரோலைனா போய் முதல் மேட்ச் ஆட இருந்துச்சு, என்எஃப்எல்ங்கற புரொஃபஷனல் லீக்ல பேர் வாங்கின பில் பெலிச்சிக் காலேஜ் கோச்சா இறங்கற முதல் மேட்ச்சும் அதான், அதனால ஃபோர்ட் வொர்த் பக்கம் நம்மாளுங்க வாட்ஸ்அப் குரூப்ல கூட யாரு ஸ்டார்ட் பண்ணுவா, யாரு பெஞ்சுன்னு ஆளாளுக்கு லிஸ்ட் போட்டுத் தள்ளினாங்க. ஸ்கீம் என்னன்னு பாக்காம லிஸ்ட் போடறது, கல்யாணத்துக்கு எத்தன பேர் வராங்கன்னு தெரியாம மளிகை லிஸ்ட் போடற மாதிரி.

புதுசா வரவங்களுக்கு ரெண்டு வரி. இது கால்ல உதைக்கிற ஃபுட்பால் இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால். எதிர் பக்கம் பந்தை எறியறவர் குவார்ட்டர்பேக், அதைப் பிடிக்கறவர் ரிசீவர், தூக்கிட்டு ஓடறவர் ரன்னிங் பேக்; ஒவ்வொரு முயற்சியும் ஒரு பிளே. டிஃபென்ஸ்ல 11 பேர். முதல் நம்பர் முன்வரிசைல குனிஞ்சு நிக்கிற லைன் ஆளுங்க (நடுவுல டேக்கிள், ஓரத்துல எண்ட்), ரெண்டாவது அவங்களுக்குப் பின்னாடி நிக்கிற லைன்பேக்கர், மூணாவது கடைசில நின்னு பாஸைத் தடுக்கிற கார்னரும் (ஓரத்துல) சேஃப்டியும் (ஆழத்துல). கபடில கார்னர், கவர்னு ஆள் நிறுத்துவோம்ல, அது மாதிரி எடுத்துக்கங்க.

ரெண்டு ஸ்கீம்லயும் பின்னாடி 5 பேர்தான். ஏன்னா டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம் ஆடற டீமெல்லாம் மூணு நாலு ரிசீவரை மைதானம் பூரா பரப்பி விட்டு மூச்சு விடாம அடுத்தடுத்து பிளே ஓட்டுவாங்க, ஆள் மாத்தக்கூட நேரம் தரமாட்டாங்க. அதனால அஞ்சாவது ஆளை நிரந்தரமாவே பின்னாடி வெச்சிடறது. இதுல சண்டையே இல்ல. சண்டை முன்னாடி நிக்கிற 6 பேரை எப்படி நிறுத்தறதுங்கறதுல.

டிசியு இதுக்கு சரியான உதாரணம், ஏன்னா ரெண்டையும் ஆடிப் பாத்தவங்க. கேரி பேட்டர்சன் 1998ல டிஃபென்ஸ் கோச்சா வந்து, 2000 கடைசில ஹெட் கோச் ஆகி, 2021 அக்டோபர் வரைக்கும் 4-2-5தான். மூணு சேஃப்டி, ரெண்டு கார்னர். மைதானத்தை நடுவுல கோடு போட்டு ரெண்டாப் பிரிச்சு, இந்தப் பக்கம் ஒரு கவரேஜ் (பாஸைத் தடுக்க ஆள் நிக்கிற முறை), அந்தப் பக்கம் வேற கவரேஜ்னு தனித்தனியா கூப்பிடுவாரு. முன்னாடி இருக்கற 6 பேருக்கு வர்ற உத்தரவு வேற, பின்னாடி 5 பேருக்கு வர்ற உத்தரவு வேற. 2008, 2009, 2010 மூணு வருஷமும் நாட்டுலயே எதிர் டீம் முன்னேற கம்மியா யார்டு கொடுத்த டிஃபென்ஸ் இவங்களோடதுதான். 2010 சீசன் 13-0 (13 வெற்றி, தோல்வியே இல்ல), ரோஸ் பவுல்ங்கற சீசன் கடைசி பெரிய மேட்ச்ல விஸ்கான்சினை 21-19னு ஜெயிச்சாங்க. கடைசில ரெண்டு பாயிண்ட் எடுத்தா சமன்ங்கற நிலைமைல டேங்க் கார்டர்ங்கற லைன்பேக்கர் பந்தை கையால தட்டி விட்டாரு பாருங்க, அந்த போட்டோவை எங்க ஹெட் கோச் வீட்டு கராஜ்ல மாட்டி வெச்சிருக்காரு.

பேட்டர்சன்கிட்ட எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. ஸ்கூல்ல ரன்னிங் பேக்கா ஓடினவனை எண்ட் ஆக்குவாரு, சேஃப்டியை லைன்பேக்கர் ஆக்குவாரு, எல்லாரையும் ஒரு படி முன்னாடி தள்ளிடுவாரு. ஜெரி ஹியூஸ் அப்படி வந்தவர்தான், ஸ்கூல்ல ரன்னிங் பேக், என்எஃப்எல் டீமுங்க ஆள் எடுக்கற 2010 டிராஃப்ட்ல முதல் ரவுண்ட்ல போனாரு. பெரிய ஸ்டார் பசங்க கிடைக்காத காலேஜ், கிடைச்சதை வெச்சு சமைச்ச மனுஷன்.

2022ல ஹெட் கோச்சா சானி டைக்ஸ் வந்தாரு, டல்சால இருந்து டிஃபென்ஸ் கோச் ஜோ கில்லஸ்பியைக் கூட்டிட்டு வந்து 3-3-5க்கு மாத்தினாரு. மறைக்காம சொல்லணும்னா அந்த வருஷம் நானும் மயங்கிட்டேன். முன்னாடி மூணே பேர், பின்னாடி எட்டு பேர் சுத்திக்கிட்டு இருப்பாங்க, நாலாவதா யார் பாய்வாங்கன்னு எதிர் குவார்ட்டர்பேக்குக்கு தெரியாது. ஃபியஸ்டா பவுல் செமிஃபைனல்ல மிச்சிகனை 51-45னு போட்டுத் தள்ளினாங்க, டிலன் ஹார்ட்டன் ஒரே மேட்ச்ல நாலு சாக் (பந்தோட நிக்கிற குவார்ட்டர்பேக்கைச் சாய்க்கிறது), பட் கிளார்க்கும் டீ விண்டர்ஸும் ஆளுக்கொரு பந்தைப் பிடுங்கிட்டுப் போய் டச்டவுன். அதைப் பாத்த சூட்டுலதான் எங்க பசங்க டீமுக்கும் 3-3-5 போடலாம்னு எக்செல் ஷீட்டோட போய் நின்னேன். ஹெட் கோச் என்னையும் பாத்தாரு, ஷீட்டையும் பாத்தாரு, சரி டிஃபென்ஸை நீயே வெச்சுக்கன்னுட்டாரு.

ஃபியஸ்டா பவுலுக்கு ஒம்பது நாள் கழிச்சு ஃபைனல்ல ஜார்ஜியா 65-7. அடுத்த சீசன் முதல் மேட்ச்லயே கொலராடோவோட ஷெடுர் சாண்டர்ஸ் 510 யார்டு எறிஞ்சு 45-42னு ஜெயிச்சிட்டுப் போனான். மூணு பேர் மட்டும் பாய்ஞ்சா அவன் உள்ள நின்னு டீ குடிச்சிட்டு எறியலாம், அவ்வளவு நேரம் இருந்தது. அந்த சீசன் 5-7, கில்லஸ்பி போயிட்டாரு. பாய்சி ஸ்டேட்ல ஹெட் கோச்சா இருந்த ஆண்டி அவலோஸ் டிஃபென்ஸ் கோச்சா வந்தாரு, திரும்ப 4-2-5.

ஒரே ஸ்கீம், ஒரு வருஷம் ஃபைனல், அடுத்த வருஷம் அடி. என்ன மாறுச்சுன்னு பாத்தா ஆளுங்க மாறினாங்க. ஹார்ட்டன், விண்டர்ஸ், நாட்டுலயே சிறந்த பின்வரிசை ஆளுக்கான தார்ப் அவார்டு வாங்கின கார்னர் ஹாட்ஜஸ்-டாம்லின்சன் மூணு பேரும் என்எஃப்எல் போயாச்சு. நான் இழுக்கப் போறது இந்த ஒரு விஷயத்தைத்தான்: ஒரு ஆள் போனா டிஃபென்ஸ் என்ன ஆகுது? பைக் வாங்கும்போது மைலேஜ் மட்டும் பாத்துட்டு ஸ்பேர் கிடைக்குமான்னு கேக்காம வாங்கற தப்பைத்தான் நான் பண்ணேன்.

கணக்கு இப்படி. எதிர் டீம் லைன்ல அஞ்சு பேர் நிப்பாங்க. அந்த அஞ்சு பேருக்கு நடுவுலயும் ரெண்டு ஓரத்துலயும் சேத்து ஆறு கேப், அந்த ஆறு வழியா பந்தை எடுத்துட்டு ஓடலாம். 4-2-5ல நாலு லைன், ரெண்டு லைன்பேக்கர், ஆளுக்கு ஒரு கேப், முடிஞ்சது. உன் கேப்பை நீ பாத்துக்க. சுமாரான ஆள் கூட தன் கேப்ல குனிஞ்சு அடம் பிடிச்சு நின்னா போதும், ஜெயிக்க வேண்டாம், நகராம இருந்தா போதும். 3-3-5லயும் கூட்டினா ஆறுதான், ஆனா நடுவுல நிக்கிற நோஸ் டேக்கிள் ஒருத்தன் எதிர் லைன்ல நடு ஆளான சென்டரையும் பக்கத்து ஆளான கார்டையும் ஒண்ணா தாங்கணும். அவன் ரெண்டு பேரை இழுத்து வெச்சாதான் பின்னாடி நிக்கிற லைன்பேக்கர் யார் கையும் படாம ஓடி வந்து அடிக்க முடியும். அவன் ஒரு அடி பின்னாடி போனா லைன்பேக்கர் மேல இடிப்பான், லைன்பேக்கர் இடிச்சா சேஃப்டி முன்னாடி ஓடி வருவான், சேஃப்டி முன்னாடி வந்தா தலைக்கு மேல பாஸ் போகும். மொத்தமும் ஒரே ஆள் முதுகுல. அப்படி ஆள் ஊருக்கு ஒருத்தன் கிடைச்சா அதிகம்.

டிசியுல 2022ல அந்த இடத்துல டமோனிக் வில்லியம்ஸ்னு ஒரு பையன், முதல் வருஷமே ஆடினான், பிரமாதம். 2024ல அவன் காலேஜ் மாறறதுக்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியா ஓக்லஹோமாவுக்குப் போயிட்டான். சீசனுக்கு சில மாசம் முன்னாடி. அப்பவும் 3-3-5ல இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. இன்னைக்கு காலேஜ் ஃபுட்பால்ல ஆளுங்க வருஷா வருஷம் போறதும் வர்றதுமா இருக்காங்க, 2025 சீசன்ல இருந்து டீம் ரோஸ்டர்லயும் மொத்தம் 105 பேர்னு வரம்பு வேற. ஒருத்தனை நம்பி ஸ்கீம் போடறது இந்த காலத்துக்கு ஒத்து வராதுங்கறது என் கட்சி.

எங்க கதை இன்னும் கேவலம். மொத்தம் 22 பசங்க, எல்லாம் அஞ்சாவது ஆறாவது படிக்கிறவங்க. நோஸ் இடத்துல ஒரு பெரிய உருவம், வாயில எப்பவும் மௌத்கார்டைக் கடிச்சுக்கிட்டே இருப்பான், தொட்டா நகர மாட்டான். முதல் ரெண்டு மேட்ச் ஜாலி. மூணாவது மேட்ச்சுக்கு முந்தின புதன்கிழமை வீட்ல பங்க் பெட்ல இருந்து குதிச்சு மணிக்கட்டை உடைச்சுக்கிட்டான். அவனுக்கு அடுத்த பையன் 35 பவுண்ட் கம்மி. சனிக்கிழமை காலைல புல்லெல்லாம் ஈரம், எதிர் டீம் முதல் பிளே நடுவுல நேரா பாய்ஞ்சு ஓடற டைவ், ஒம்பது யார்டு. ரெண்டாவது பிளேயும் அதே. மூணாவதும் அதே. அவங்க கோச் கைல இருந்த பிளே ஷீட்டை மடிச்சு பாக்கெட்ல வெச்சிட்டாரு, அதை நான் எதிர் பக்கத்துல இருந்து பாத்தேன். ஏழு தடவை தொடர்ந்து அதே பிளே. என் பையன் ஃப்ரீ சேஃப்டி, நாலாவது தடவை திரும்பி என்னைப் பாத்தான், அந்தப் பார்வைக்கு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் வார்த்தை இல்ல.

அடுத்த செவ்வாயும் வியாழனும் ரெண்டே பிராக்டிஸ். ஒரு லைன்பேக்கரைத் தூக்கி எண்ட்ல போட்டேன், ரெண்டு சுமாரான பசங்களை டேக்கிள்ல நிறுத்தி, ஆரஞ்சு கோனை வெச்சு இது உன் சந்து, இது அவன் சந்துன்னு காட்டினேன். சனிக்கிழமை ஜெயிச்சோம்னு பொய் சொல்ல மாட்டேன், தோத்தோம், ஆனா நடுவுல ஓட்டம் நின்னுச்சு. ரெண்டு டேக்கிளுக்கும் மாத்தி மாத்தி அனுப்ப நாலு பேர் வெச்சிருந்தேன், யார் போனாலும் யார் வந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியல. அந்த வித்தியாசம் தெரியாம இருக்கறதுதான் எனக்கு வேணும்.

3-3-5காரங்க பக்கமும் நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். அயோவா ஸ்டேட்ல டிஃபென்ஸ் கோச் ஜான் ஹீகாக் 2017ல இருந்து மூணு பேர் லைன் போட்டு, பின்னாடி மூணு சேஃப்டியை உயர நிறுத்தி வெச்சு, அதே வருஷம் ஓக்லஹோமாவை அவங்க ஊர்லயே 38-31னு சாய்ச்சாங்க. நல்ல லைன் ஆளுங்க கிடைக்கறது கஷ்டம், அதனால நாலுக்கு பதிலா மூணு போதும்ங்கறது அவங்க வாதம். என் வாதத்தைத் தலைகீழா திருப்பிப் போட்டா இதுதான் வரும். வருஷக்கணக்கா ஒரே கோச், ஒரே பாடம்னு இருக்கற இடத்துல அது ஓடும் போலருக்கு. நான் 11 வயசு பசங்களைத் தவிர யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்ல, அதனால காலேஜ் லெவல்ல அடிச்சுச் சொல்ல எனக்கு வாய் கொஞ்சம் கூசும். 4-2-5 மாத்தின உடனே டிசியுவும் பாலும் தேனுமா ஓடல, 2024 செப்டம்பர்ல பக்கத்து டல்லாஸ் காலேஜ் எஸ்எம்யுகிட்ட 66-42 வாங்கினாங்க. அதுல பண்ட் ரிட்டர்ன், ஃபம்பிள்னு டிஃபென்ஸ் கணக்குல வராத பாயிண்ட்டும் உண்டு, டைக்ஸை வேற மைதானத்தை விட்டு வெளிய அனுப்பிட்டாங்க, சரி விடுங்க. கடைசில 9-4, நியூ மெக்சிகோ பவுல்ல லூசியானாவை 34-3.

இப்ப அந்த 2025 லிஸ்ட். பின்னாடி எனக்குக் கவலையே இல்லாம இருந்துச்சு, பட் கிளார்க் அப்பவும் இருந்தாரு, மிச்சிகன் பந்தைப் பிடுங்கின அதே ஆள், ரெண்டு ஸ்கீமையும் ஆடினவர், மத்தவங்களை எங்க நிக்கணும்னு கையைக் காட்டி நிறுத்தினதே இவர்தான். லைன்பேக்கர்ல நம்டி ஒபியாசோர், சேஃப்டில இருந்து முன்னாடி வந்தவர், பேட்டர்சன் போயும் அந்த வழக்கம் போகல பாருங்க. கூட கேலப் எலார்ம்ஸ்-ஓர், கேல்ல (கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி) ஆடிட்டு வந்தவர். ரெண்டே லைன்பேக்கர்தான்ங்கறதால இவங்க ரெண்டு பேருக்கும் மேட்ச் பூரா வேலை, இதுல ஒருத்தருக்கு கால் பிசகியிருந்தா நான் மேல சொன்னதெல்லாம் எனக்கே திரும்பியிருக்கும், ஒத்துக்கறேன். லைன் ஓரத்துல (எட்ஜ்) டுலேன் காலேஜ்ல இருந்து வந்த டெவியன் டீல் இருந்தாரு. கார்னர்தான் எனக்கு உறுத்தலா இருந்துச்சு, அங்க பழகின ஆளுங்க போயிட்டாங்க, முதல் மேட்ச்ல ஓரத்துல நீளமா எறிஞ்சு சோதிப்பாங்கன்னுதான் நினைச்சேன்.

நடு டேக்கிள் ரெண்டு பேர் யாருன்னு குரூப்ல ஒருத்தர் கேட்டாரு. நாலஞ்சு பேர் மாத்தி மாத்தி வருவாங்க அண்ணேன்னு போட்டேன். என்ன இப்படி சொல்றீங்கன்னாரு. 2022ல நோஸ் டேக்கிள் பேர் எங்க பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு கூட தெரியும், 2025ல யாருக்கும் தெரியல, எனக்கு அதுல ஒரு நிம்மதி.

எங்க பெரிய உருவம் மணிக்கட்டு சரியாகி அந்த வருஷம் திரும்பி வந்தான். முதல் நாள் பிராக்டிஸ், சாயங்காலம் ஆறரை மணிக்கும் வெயில் நூறு டிகிரி, தண்ணி பாட்டிலோட நேரா என்கிட்ட வந்து, கோச், நான் இனிமே நோஸ் ஆட மாட்டேன், ரன்னிங் பேக்தான்னான். எங்க லீக்ல பந்தைத் தூக்கிட்டு ஓட வெயிட் லிமிட் இருக்கு, இவன் அதுக்கு ஆறு பவுண்ட் மேல. முந்தின வருஷமா இருந்தா கால்ல விழுந்திருப்பேன். இந்தத் தடவை, வெயிட் பாக்கற நாளுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு தம்பி, டோனட்டை நிறுத்துன்னு சொல்லி அனுப்பினேன்.