சவேரியார் பெயரைத் தேட ஒரு நல்ல இடம்: ஸ்பெயினின் குடும்பப்பெயர் தேடல் பக்கம்

கிருஷ்ணகிரி எலத்தகிரிப் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு சவரிமுத்துவோ சேவியரோ இல்லாத வீட்டைப் பார்ப்பது அபூர்வம். இந்தப் பெயரின் வேரைத் தேடித்தான் ஸ்பெயின் தேசியப் புள்ளியியல் நிறுவனத்தின் குடும்பப்பெயர் தேடல் பக்கத்துக்குப் போனேன். காசு கிடையாது. பெயரை அடித்தால் எத்தனை பேருக்கு அது முதல் குடும்பப்பெயர், எத்தனை பேருக்கு இரண்டாவது என்று பிரித்துக் காட்டும். அங்கே அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என ஆளுக்கு இரண்டு உண்டு. அப்புறம் மாகாண வாரியாக வரைபடமும் வரும்.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1506இல், இன்றைய ஸ்பெயினின் வடக்கே உள்ள நவார்ராவில் பிறந்தார். அப்பா பெயர் ஹுவான் தெ ஹாசோ. அம்மா அஸ்பில்குவேத்தா குடும்பம். சேவியர் என்பது அவர் பிறந்த கோட்டையின் பெயர். அந்தப் பக்கம் பேசும் பாஸ்க் மொழியில் 'எச்சே பெரி', அதாவது புது வீடு. எச்செவெரியா என்ற குடும்பப்பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அதைத் தேடினால் நவார்ராவும் பக்கத்து கிபுஸ்கோவாவும் எடுப்பாகத் தெரிகின்றன. நடுவில் ஒரே ஓர் உயிரெழுத்தை மாற்றி எச்செவாரியா என்று அடியுங்கள், கூட்டம் மேற்கே பிஸ்காயாவுக்கு நகரும். அங்கத்திய பேச்சில் 'பெரி' என்பது 'பாரி' ஆகிவிடும். ஒரு வட்டார வழக்கு வரைபடத்தில் அப்படியே பதிந்திருப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பாஸ்க் ஊர்களில் குடியிருந்த வீட்டின் பெயரே குடும்பத்துக்கும் பெயராக நின்றது. நம் ஓசூர், வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்குக்காரர்கள் 'இண்டிபேரு' என்று கேட்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். புது வீடு எந்த ஊரில்தான் இல்லை? அதனால் எச்செவெரியாக்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் பங்காளிகள் ஆகிவிட மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டே ஒரு கட்டணத் தளம் 'எச்செவெரியா குலச்சின்னம்' என்று படச்சட்டம் போட்டு விற்கிறது. வாங்காதீர்கள். அந்தச் சின்னம் ஏதோ ஒரு வீட்டுக்குக் கிடைத்ததாக இருக்கும், பெயர் உள்ள அத்தனை பேருக்கும் சொந்தமாகாது.

புள்ளியியல் பக்கத்தில் ஸ்பெயின் கணக்கு மட்டும்தான். 1970 முதல் 1976 வரை மெக்சிகோ அதிபராக இருந்த லூயிஸ் எச்செவெரியா போல, கடல் தாண்டிப் போன குடும்பங்கள் அதில் வராது. பெயருக்கு அர்த்தமும் சொல்லாது. அதற்கு 1919இல் தொடங்கிய பாஸ்க் மொழி அகாதமி, எயுஸ்கால்ட்சைன்தியாவின் பெயர்த் தரவுத்தளம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால்தான் முழுச் சுவை.

தேடும்போது ஸ்பானிய எழுத்துமுறையில் சி-எச், வி போட்டு ஒரு தடவையும், பாஸ்க் முறையில் டி-எக்ஸ், பி போட்டு ஒரு தடவையும் அடித்துப் பாருங்கள். ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி முடிந்தபின் பலர் பாஸ்க் எழுத்துக்கு மாறிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் இரண்டையும் தனித்தனிப் பெயராகத்தான் எண்ணுகிறது.