தாம்ப்சன் ஷெல், போர்ன் ஷெல்: நீண்ட நாள் புழங்கிய அனுபவம்

யூனிக்ஸ் இயங்குதளத்தின் 1975 ஆறாம் பதிப்பையும் 1979 ஏழாம் பதிப்பையும் பிடிபி-11 என்ற பழைய கணினியைப் போலச் செயல்படும் எமுலேட்டரில் சில வருடங்களாக மாறி மாறி ஓட்டி வருகிறேன். முன்னதில் இருப்பது கென் தாம்ப்சனின் ஷெல், அதாவது நாம் அடிக்கும் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் நிரல். பின்னதில் ஸ்டீவ் போர்ன் எழுதியது.

தாம்ப்சன் ஷெல்லில் வசதி என்று பெரிதாக எதுவும் இல்லை. டைரக்டரி மாற்ற 'சிடி' கிடையாது, 'சிஎச்டிஐஆர்' என்று முழுசாக அடிக்க வேண்டும். கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் என்ற மாறியும் இல்லை. கட்டளையை முதலில் நாம் நிற்கும் டைரக்டரியில் தேடும், அப்புறம் இரண்டு நிலையான இடங்களில். ஆனால் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் > குறியும், ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் பைப்பும் இன்று போலவே வேலை செய்கின்றன. பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் வற்புறுத்தி 1973-இல் வந்த பைப்புக்கு இங்கே | மட்டுமல்ல, ^ போட்டாலும் நடக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பில்) வேறு இடத்துக்குத் தாவ உதவும் 'கோட்டூ'. அது ஷெல்லுக்குள் இல்லை, தனி நிரல்! ஷெல் ஸ்கிரிப்டைத் தன் உள்ளீடாகப் படித்துக்கொண்டிருக்கும்; கோட்டூ அதே கோப்பில் லேபிளைத் தேடி, படிக்கும் இடத்தை அங்கே நகர்த்திவிட்டு முடிந்துவிடும். கோப்பில் படிக்கும் இடம் இருவருக்கும் பொதுவானது என்பதால் ஷெல் அங்கிருந்தே தொடரும். நட்சத்திரக் குறியைப் பொருந்தும் கோப்புப் பெயர்களாக விரிப்பதும் 'குளோப்' என்ற இன்னொரு நிரல்தான். ஷெல் என்பது இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பகுதி அல்ல, சாதாரண நிரல் என்பது இதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

தினசரி வேலைக்கு? நிச்சயம் போர்ன் ஷெல்தான். பிழைச் செய்தியை மட்டும் தனியாகக் கோப்புக்குத் திருப்ப ஆறாம் பதிப்பில் வழியில்லை. இங்கே 2> போட்டால் போதும். மாறிகள், ஃபார் லூப், கட்டளையின் விடையை இன்னொரு கட்டளைக்குள் செருகும் பேக்டிக் எல்லாம் உண்டு. 'இஃப்' தொடங்கி அதையே திருப்பிப் போட்ட 'ஃபை'யில் முடிக்கும் வழக்கம் அல்கால் 68 என்ற நிரல்மொழியிலிருந்து வந்தது. ஏழாம் பதிப்பில் நான் எழுதிய சிறு ஸ்கிரிப்டுகள் இன்றைய ஷெல்களான டேஷிலும் பாஷிலும் மாற்றமில்லாமல் ஓடுகின்றன.

குறையும் உண்டு. முந்தைய கட்டளையைத் திரும்ப அழைக்க முடியாது. அந்த வசதிக்கு பில் ஜாயின் சி ஷெல் வேண்டும். மாறியை மேற்கோளுக்குள் போடாவிட்டால் இடைவெளி உள்ள கோப்புப் பெயர் இரண்டாக உடையும். பாஷில் அந்தத் தொல்லை இன்னும் தீரவில்லை.