ஊற்றுக்குப் பக்கத்திலேயே டென்ட் என்றார்கள்: கீர்கங்கா போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இமாச்சலில் கீர்கங்கா போக யாரிடமாவது பேக்கேஜ் பேசிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

போன அக்டோபர் கடைசியில் நான், மனைவி, தம்பி, அம்மா என்று நான்கு பேர் கிளம்பினோம். அம்மாவுக்கு 63 வயது, முழங்கால் வலி உண்டு. பார்வதி பள்ளத்தாக்கில் கீர்கங்கா என்று, முருகன் பல்லாண்டு தவமிருந்ததாகச் சொல்லும் மலையும், அங்கே ஒரு வெந்நீர் ஊற்றும் இருப்பதைக் கேள்விப்பட்டதிலிருந்து அம்மாவுக்கு அதே நினைப்பு. ஆறுபடை வீடும் பார்த்தாயிற்று, இதையும் பார்த்துவிட வேண்டும் என்றார்.

எங்கள் ஊரிலேயே இருக்கும் ஒரு ஏஜென்டிடம் போனேன். அம்மாவின் வயது, முழங்கால், பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் சொன்னேன். “வண்டி கிட்டக்க வரைக்கும் போயிரும் சார். அப்புறம் ஒரு மணி நேரம் மெதுவா நடந்தாப் போதும். அம்மாவுக்குக் குதிரை சொல்லி வச்சிடறேன். டென்ட்டை விட்டு வெளிய வந்தா வெந்நீர்தான்” என்றார். டெல்லியில் ஏறி டெல்லியில் இறங்கும்வரை ஆளுக்கு 9,500 ரூபாய், மொத்தம் 38,000. முழுப்பணத்தையும் முன்கூட்டியே ஜிபேயில் அனுப்பினேன். அது கடைப் பெயரில் இருந்த கணக்கு இல்லை, ஏதோ தனி ஆள் பெயரில் இருந்தது. பில் கேட்டதற்கு “வாட்ஸ்அப்ல அனுப்பறேன் சார்” என்றார். அந்த பில் இன்றுவரை வரவில்லை.

நடந்தது இதுதான். வண்டிப் பாதை பர்ஷைனி என்ற ஊரோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கீர்கங்காவுக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர், எல்லாம் மலையேற்றம். நன்றாக நடக்கிறவர்களுக்கே நாலைந்து மணி நேரம் ஆகும். ஊற்று இருப்பது கிட்டத்தட்ட 2,950 மீட்டர் உயரத்தில், அதாவது ஊட்டியைவிட 700 மீட்டர் மேலே. அன்றைக்குக் குதிரை எதுவும் வரவில்லை. வழிகாட்டி என்று வந்தவன் 19 வயதுப் பையன். வேறு வேறு குழுக்களைச் சேர்ந்த 14 பேரோடு எங்களையும் அவனிடம் ஒப்படைத்திருந்தார்கள். அம்மா வருவதே அவனுக்குத் தெரியாது. அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனால் முடிந்ததைச் செய்தான்.

புறப்படும்போதே மணி பதினொன்றரை. நக்தான் கிராமம் வரை அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிட்டார். அதற்கு மேல் ஓர் அடி வைக்க முடியவில்லை. டீக்கடை அக்கா ஒருவர் தன் வீட்டிலேயே ஓர் அறையைக் கொடுத்தார், மனைவி அம்மாவோடு தங்கிக்கொண்டாள். இதற்குள் எங்கள் பைகளைச் சுமைக்காரர் மேலே கொண்டுபோயிருந்தார், மாத்திரை டப்பாவும் அதற்குள். அதை எடுக்கத்தான் நானும் தம்பியும் ஏறினோம். ருத்ரநாக் அருவியைத் தாண்டியதும் பாதை செங்குத்தாகக் காட்டுக்குள் நுழைகிறது. போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது, அந்த இருட்டில் திரும்பி இறங்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். செல்போனில் சிக்னல் இல்லை. அன்று ராத்திரி அம்மா மாத்திரை போடவில்லை. எனக்கு இன்றும் ஆறாதது பணம் போனதல்ல, அந்த ஒரு ராத்திரிதான்.

கேம்ப் ஊற்றுக்குப் பக்கத்தில் இல்லை, அரை மணி நேர நடைக்குக் கீழே ஒரு சரிவில் இருந்தது. ‘பக்கத்திலேயே டென்ட்’ என்று யார் சொன்னாலும் சந்தேகப்படுங்கள். 2018ல் உயர்நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, ஊற்றைச் சுற்றி முளைத்திருந்த கூடாரங்களை வனத்துறை அகற்றியது. அது காட்டு நிலம், குப்பையும் கழிவும் அந்த அளவுக்குச் சேர்ந்திருந்தன. எனவே அங்கே டென்ட் விற்கிறவரிடம், எந்த இடம், யார் அனுமதி என்று கேட்காமல் விடாதீர்கள்.

இரண்டு பேர் டென்ட்டில் எங்களோடு முன்பின் தெரியாத ஒருவரையும் சேர்த்துப் படுக்க வைத்தார்கள். ஸ்லீப்பிங் பேக் ஈரமாக இருந்தது, கீழே விரித்திருந்த பாய் வழியாகத் தரையின் குளிர் முதுகில் ஏறியது. ராஜ்மாவும் சாதமும் ஆறிப்போய் வந்தன. பேக்கேஜில் சேர்த்திருப்பதாகச் சொன்ன கேம்ப்ஃபயருக்குத் தனியாக 500 ரூபாய் கேட்டார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. பக்கத்துக் குழுவினர் கொடுத்தார்கள், அவர்களுக்குப் பச்சைத் தேவதாருக் கிளைகளையே வெட்டிப் போட்டு எரித்தார்கள். பார்க்கவே வயிறு எரிந்தது. தயவுசெய்து அந்த நெருப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்.

காலையில் ஊற்றுக்குப் போனோம். இடத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. சுற்றிலும் பனிச்சிகரங்கள், நடுவே ஆவி பறக்கும் குளம், கந்தக வாசனை. வெள்ளையாகப் பாலாடை மாதிரி தண்ணீரில் மிதந்து வருகிறது, கீர், அதாவது பாயசம், என்ற பெயரே அதனால்தான் என்கிறார்கள். தவமிருந்த மகனுக்காகப் பார்வதி பாயசத்தை ஆறாக ஓடவிட்டாள் என்பது அந்த ஊர்க் கதை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், சோப்பு போடக் கூடாது. பெண்களுக்கு மறைப்போடு தனிக் குளம் இருக்கிறது. அம்மா இதைப் பார்க்காமல் கீழே உட்கார்ந்திருக்கிறாரே என்று தம்பி குளத்தில் இறங்கவே மாட்டேன் என்றான்.

மறுநாள் மணிகரணுக்கு அம்மாவைக் கூட்டிப்போனோம். அதே பள்ளத்தாக்குதான், வாசல் வரை வண்டி போகிறது. அங்கே ஊற்று கொதிநிலைக்குப் பக்கத்தில் இருப்பதால் அரிசியையும் பருப்பையும் அதிலேயே வேகவைக்கிறார்கள். குளிக்கிற சூட்டுக்கு ஆற்றிய நீர் அங்குள்ள சீக்கியர் கோயிலான குருத்வாராவின் குளியல் குளங்களில் இருக்கிறது, பெண்களுக்குத் தனி இடம். அம்மா அரை மணி நேரம் எழுந்து வரவே இல்லை. குருத்வாராவின் பொதுச் சமையலறையான லங்கரில் வயிறார இலவசச் சாப்பாடு. முழங்கால் வலி உள்ளவர்களை மணிகரணுக்கோ, மணாலிக்குப் பக்கத்தில் உள்ள வசிஷ்டுக்கோ கூட்டிப்போனாலே போதும் என்று அந்த ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அதில் அவருக்கு டென்ட் காசு வந்திருக்காது.

நீங்கள் போவதாக இருந்தால் டென்ட்டுக்கு முன்பணம் வேண்டாம், நேரில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். காலை ஒன்பதுக்குள் பர்ஷைனியிலிருந்து புறப்பட்டுவிடுங்கள். மேலே போக இன்னொரு பாதையும் உண்டு, கல்கா என்ற கிராமம் வழியாக; அது அடர்ந்த காடு, பாதை தவறுவது சுலபம், நக்தான் வழியே நல்லது. மருந்தை உங்கள் தோளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கையில் ரொக்கமும் இருக்கட்டும்.

திரும்பி வந்து ஏஜென்டிடம் கேட்டேன். “டென்ட் குடுத்தோம், சாப்பாடு குடுத்தோம், அப்புறம் என்ன சார்?” என்றார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஜிபே ரசீதும் வாட்ஸ்அப்பில் அவர் “குதிரை ரெடி சார்” என்று அனுப்பிய செய்தியும் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த வாரம் அதற்கான மனுவைக் கொடுக்கப் போகிறேன்.