புளூட்டோவா, ஏரிஸா: பள்ளிக் கண்காட்சிக்கு எதை எடுக்கலாம்?

திருவையாறு பக்கம் அறிவியல் கண்காட்சிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது புளூட்டோதான். படத்துக்குப் பஞ்சமில்லை. 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் பக்கத்தில் போய் எடுத்தவை: இதய வடிவ வெளிர்நிலம், அதில் நைட்ரஜன் பனிச் சமவெளி, ஓரத்தில் நீர்ப்பனி மலைகள். சார்ட் ஒட்ட இது போதும்.

ஏரிஸ், புளூட்டோவையும் தாண்டி வெகுதூரத்தில் சூரியனைச் சுற்றும் இன்னொரு குறுங்கோள்; அதற்கு எந்த விண்கலமும் போனதில்லை. இருந்தாலும் நான் ஏரிஸ் கட்சி. குறுக்களவு புளூட்டோவுக்குச் சுமார் 2,377 கிலோமீட்டர், ஏரிஸுக்கு 2,326. கொஞ்சம் சிறிசு, ஆனால் நிறை 27 சதவீதம் அதிகம். உள்ளே பாறை கூடுதல் என்று அர்த்தம். 2005-ல் இதன் கண்டுபிடிப்பு வெளியானதும்தான் எதைக் கோள் என்பது என்ற விவாதம் முற்றியது; 2006-ல் புளூட்டோ குறுங்கோள் ஆனது.

தூரத்தைக் காட்டக் காவிரிக் கரையே போதும். சூரியனுக்கும் பூமிக்கும் இடையே 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புஷ்ய மண்டபப் படித்துறையில் 9 சென்டிமீட்டர் பந்து ஒன்றைச் சூரியனாக வைத்துவிட்டுக் கரையோரம் நடந்தால், புளூட்டோ இப்போது இருக்கும் இடம் சுமார் 350 மீட்டரில் வந்துவிடும். ஏரிஸுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அங்கே குனிந்து ஆற்று மணலில் பொடித்துகள் ஒன்றை எடுத்தால், அதுதான் ஏரிஸின் அளவு! பிள்ளைகள் இதை மறக்கவே மாட்டார்கள்.

சுற்றும் காலம்? புளூட்டோவுக்கு 248 ஆண்டு, ஏரிஸுக்கு ஏறக்குறைய 558. சின்ன வகுப்பு என்றால் சரி, புளூட்டோ. எட்டாம் வகுப்புக்கு மேல் ஏரிஸையே எடுங்கள்.